முதல் வாடிக்கையாளர்

டெக்ஸாஸ் மாநிலத்தில் மெக்ரெகர் என்றொரு சிற்றூர். இரண்டாம் உலகப்போரின்போது அங்கே வெடிகுண்டுத் தொழிற்சாலை இருந்தது. 1990களின் கடைசியில் அந்த நிலத்தில் ஒரு பகுதியை எடுத்து ராக்கெட் எஞ்சின் சோதனைக்களமாக்கினார் ஆண்ட்ரூ பீல். டல்லாஸைச் சேர்ந்த வங்கி முதலாளி அவர். எண் கோட்பாட்டில் அவர் பெயரால் ஓர் அனுமானம் இருக்கிறது. போக்கர் மேசையில் பெரும்பணம் வைத்து ஆடுவதிலும் பெயர்பெற்றவர். அவர் எடுத்த ஆட்டங்களிலேயே பெரியது ராக்கெட்தான்: அரசிடம் கைநீட்டாமல், சொந்தப் பணத்தில், செயற்கைக்கோள்களை ஏற்றிச்செல்லும் கனரக ஏவுகலம் ஒன்றைக் கட்டுவது.

2000 மார்ச்சில் அவருடைய எஞ்சின் ஒன்று மெக்ரெகரில் எரிந்தது. ஹைட்ரஜன் பெராக்சைடும் மண்ணெண்ணெயும் கலந்து எரியும் எஞ்சின். நிலவுக்கு மனிதரை அனுப்பிய சாட்டர்ன் 5 ராக்கெட்டின் எஃப்-1 எஞ்சினுக்குப் பிறகு அமெரிக்காவில் இவ்வளவு பெரிய திரவ எரிபொருள் எஞ்சின் எரிந்ததில்லை என்று அவருடைய நிறுவனம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. அதே ஆண்டு அக்டோபரில் பீல் கடையைச் சாத்திவிட்டார். எஞ்சின் பழுதாகவில்லை, பணமும் தீரவில்லை. புதிய ஏவுகலங்களை உருவாக்க நாசா பெருந்தொகை ஒதுக்கத் தொடங்கியிருந்தது. எந்த ராக்கெட் பிழைக்கவேண்டும் என்று அரசே தேர்ந்தெடுத்து அதற்குப் பணமும் கொடுத்துக்கொண்டிருக்கும்வரை தனியார் ஏவுகலத் தொழில் என்று ஒன்று உருவாகவே முடியாது என்று அறிக்கை விட்டுவிட்டு வெளியேறினார்.

அவர் விட்டுப்போனவற்றில் ஒன்று பிரம்மாண்டமான முக்காலி போன்ற ஒரு சோதனை மேடை. சில ஆண்டுகள் கழித்து அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் 2002இல் ஸ்பேஸ்எக்ஸைத் தொடங்கியிருந்த எலான் மஸ்க். ஃபால்கன் 9 ராக்கெட்டின் முதற்கட்டம் முதன்முதலில் முழு வேகத்தில் எரிந்தது பீல் கட்டிய அந்த முக்காலியில்தான்.

ஒரே நிலம், ஒரே மேடை. அரசுப் பணத்தின் மேல் கோபித்துக்கொண்டு ஒருவர் போனார். அந்தப் பணத்தைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் மேலே வந்தார். தனியார் விண்வெளித் தொழில் குறித்து நம் ஊரில் நடக்கும் பேச்சு இரண்டு ஓரங்களில் நின்றுவிடுகிறது. அரசால் முடியாததைத் தனியார் செய்து காட்டினார்கள் என்பது ஒன்று. எல்லாம் மக்கள் வரிப்பணம், பெயர் மட்டும் மஸ்க்குக்கு என்பது மற்றொன்று. இரண்டுமே சோம்பேறித்தனமான பேச்சு என்பது என் எண்ணம். அரசு எவ்வளவு கொடுத்தது என்பதைவிட எந்த விதத்தில் கொடுத்தது என்பதில்தான் இந்தக் கதையின் உயிர் இருக்கிறது.

அப்போலோ காலம் முதல் நாசா தன் ராக்கெட்டுகளையும் விண்கலங்களையும் தனியார் நிறுவனங்களிடமிருந்தே பெற்றுவந்தது. சாட்டர்ன் 5இன் முதற்கட்டத்தைச் செய்தது போயிங். நிலவில் இறங்கிய கலத்தைச் செய்தது கிரம்மன். ஆகவே தனியார் விண்வெளிக்கு வந்தது புதுச்செய்தி அல்ல. மாறியது ஒப்பந்தம்.

வீடு கட்டியவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். 'ஆகிற செலவை எழுதிக் கொடுங்க, அதுக்கு மேல இவ்வளவு சதவீதம் உங்களுக்கு' என்று மேஸ்திரியிடம் வேலையை விட்டால் கணக்கு ஒரு விதமாகப் போகும். சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி, அஸ்திவாரம் முடிந்ததும் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்ததும் ஒரு தவணை, தளம் போட்டதும் ஒரு தவணை என்று கொடுத்தால் வேறு விதமாகப் போகும். நாசா பல பத்தாண்டுகள் முதல் வழியில்தான் கட்டியது. செலவு முழுவதும் அரசுடையது, அதற்கு மேல் லாபமும் உண்டு. தாமதமானால் நிறுவனத்துக்கு நஷ்டமில்லை, பார்க்கப்போனால் வரவுதான்.

இந்த ஏற்பாட்டை முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. 1962இல் நிலவில் இறங்கும் கலத்துக்கு என்ன செலவாகும் என்று யாருக்குத் தெரியும்? இவ்வளவுதான் தருவோம் என்று கறாராகப் பேசியிருந்தால் எந்த நிறுவனமும் கையெழுத்துப் போட்டிருக்காது. தெரியாத வேலைக்குச் செலவுக் கணக்கு ஒப்பந்தம் பொருந்தும். தெரிந்த வேலைக்கும் அதையே நாற்பது ஆண்டு நீட்டியதில்தான் கோளாறு.

2003 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடம் ஏழு பேருடன் சிதறியது. மறு ஆண்டு ஜனவரியில், சர்வதேச விண்வெளி நிலையத்தைக் கட்டி முடித்ததும் விண்ணோடங்களுக்கு ஓய்வு என்று அதிபர் புஷ் அறிவித்தார். அப்படியானால் நிலையத்துக்குச் சாப்பாடும் தண்ணீரும் உதிரிப்பாகங்களும் கொண்டுபோவது யார்? பூமியிலிருந்து சுமார் 400 கிலோமீட்டர் உயரத்துக்குச் சரக்கு ஏற்றுவது அதற்குள் தெரிந்த வேலையாகியிருந்தது. நாசாவின் தலைவராக இருந்த மைக்கேல் கிரிஃபின் இதற்கென்று 50 கோடி டாலரை ஒதுக்கினார். விண்ணோடம் ஒருமுறை போய்வரவே சுமார் 45 கோடி டாலர் ஆனது என்பது நாசாவின் சொந்தக் கணக்கு. ஒரு பயணச் செலவில் ஒரு தொழிலையே தொடங்கிப் பார்க்கலாம் என்பது அவருடைய துணிச்சல்.

அதற்கும் முன்னால் ஒரு சிறு சண்டை நடந்தது. 2004இல் கிஸ்லர் ஏரோஸ்பேஸ் என்ற நிறுவனத்துக்கு 22 கோடி டாலருக்கு மேற்பட்ட ஒப்பந்தத்தைப் போட்டியே இல்லாமல் நாசா கொடுக்கப்போனது. அப்போது ஒரு ராக்கெட்டைக்கூட ஏவியிராத ஸ்பேஸ்எக்ஸ், அரசின் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் புகார் கொடுத்தது. நாசா ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. வருங்கால வாடிக்கையாளர் மீதே புகார் கொடுக்க நெஞ்சுரம் வேண்டும்.

2006 ஆகஸ்டில் வெளிப்படையான போட்டி வைத்து இரண்டு நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஸ்பேஸ்எக்ஸுக்கு 27.8 கோடி டாலர். கிஸ்லரின் வாரிசான ராக்கெட்பிளேன் கிஸ்லருக்கு 20.7 கோடி. வழக்கமான அரசுக் கொள்முதல் விதிகளை ஒதுக்கிவைத்துவிட்டு, நாசாவை உருவாக்கிய 1958ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்த ஒரு பிரிவைப் பிடித்து இதைச் செய்தார்கள். பணம் மொத்தமாகக் கைக்கு வராது. வடிவமைப்பு ஆய்வு முடிந்தால் ஒரு தவணை, எஞ்சின் சோதனை முடிந்தால் ஒரு தவணை என்று மைல்கற்கள் எழுதப்பட்டன. அவற்றில் சில மைல்கற்கள் பொறியியலே அல்ல: வெளியிலிருந்து இவ்வளவு முதலீடு திரட்டினோம் என்று காட்டினால்தான் அடுத்த தவணை. உன் மீது வேறு யாராவது நம்பிக்கை வைத்திருக்கிறார்களா என்று அரசு கேட்கிறது. எனக்கு மிகவும் பிடித்த நிபந்தனை இது.

ராக்கெட்பிளேன் கிஸ்லர் அந்த இடத்தில்தான் விழுந்தது. தனியார் பணம் திரளவில்லை. 2007 அக்டோபரில் நாசா ஒப்பந்தத்தை ரத்து செய்தது. அதுவரை கைமாறிய தொகை 3.2 கோடி டாலர். மிச்சப் பணத்தை வைத்து மறு ஆண்டு ஆர்பிட்டல் சயின்ஸஸ் என்ற நிறுவனத்தைச் சேர்த்துக்கொண்டார்கள். தோற்ற நிறுவனத்தை இவ்வளவு சீக்கிரமாக, இவ்வளவு மலிவாக ஓர் அரசுத்துறை கைவிட்டதைப் பார்ப்பது அபூர்வம். ஒரு திட்டத்தில் கொஞ்சம் பணம் போட்டுவிட்டால், போட்ட பணத்துக்காகவே மேலும் மேலும் போட்டுக்கொண்டிருப்பதுதான் அரசுகளின் பழக்கம்.

ஸ்பேஸ்எக்ஸின் நிலையும் பிரமாதமாக இல்லை. அதன் முதல் சிறு ராக்கெட் ஃபால்கன் 1. பசிபிக் பெருங்கடலில் மார்ஷல் தீவுகளின் குவாஜலின் பவளத்தீவில் அமெரிக்க ராணுவத்தின் சோதனைத்தளம் இருக்கிறது. அங்குள்ள ஒமெலெக் என்ற தீவுத்துணுக்கிலிருந்து ஏவினார்கள். முதல் பயணத்துக்குப் பின்னால் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி முகமையான டார்பா இருந்தது. 2006 மார்ச்சில் எரிபொருள் கசிந்து தீப்பிடித்து விழுந்தது. கடற்காற்றில் அரித்துப்போன ஓர் அலுமினிய நட்டுதான் காரணம். 2007இல் இரண்டாவது ராக்கெட் கட்டுப்பாடிழந்து சுழன்றது. 2008 ஆகஸ்டில் மூன்றாவது: முதற்கட்டம் பிரிந்த பிறகும் எஞ்சினில் மிச்சமிருந்த உந்துவிசை அதை முன்னே தள்ள, மேலே போய்க்கொண்டிருந்த இரண்டாம் கட்டத்தின் பின்புறத்தில் மோதியது. நான்காவது, செப்டம்பர் 28 அன்று, சுற்றுப்பாதையை அடைந்தது. அதில் வாடிக்கையாளர் யாருடைய செயற்கைக்கோளும் இல்லை. எடைக்கு ஒரு போலிச் சரக்குதான் இருந்தது.

உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த மாதங்கள் அவை. மஸ்க்கின் கைப்பணம் வற்றிக்கொண்டிருந்தது. டிசம்பர் 23 அன்று நாசா அறிவித்தது: விண்வெளி நிலையத்துக்கு 12 சரக்குப் பயணங்கள் செய்ய ஸ்பேஸ்எக்ஸுக்கு 160 கோடி டாலர்; 8 பயணங்கள் செய்ய ஆர்பிட்டலுக்கு 190 கோடி. சரக்கு ஏற்றப்போகும் ஃபால்கன் 9 அன்றுவரை தரையைவிட்டு எழும்பியதே இல்லை. அது முதன்முறை பறந்தது 2010 ஜூனில். அதில் ஏறிப்போன ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் நிலையத்தை அடைந்தது 2012 மே மாதத்தில். இல்லாத ராக்கெட்டின் பன்னிரண்டு பயணங்களை ஓர் அரசு முன்கூட்டியே வாங்கிவைத்தது. முதலீட்டாளர்களைப் பொறுத்தவரை 27.8 கோடி டாலர் உதவித்தொகையைவிட இந்தக் கையெழுத்து எடை கூடியது. உதவித்தொகை ராக்கெட்டைக் கட்டி முடிக்கும். கட்டிய பின் யார் வாங்குவார்கள் என்ற கேள்விக்கு அதனிடம் பதில் கிடையாது.

இதற்கு முன்னோடி விண்வெளியில் இல்லை, தபாலில் இருந்தது. 1925இல் கெல்லி சட்டத்தின் மூலம் அமெரிக்கத் தபால்துறை விமானத்தில் கடிதம் கொண்டுபோகும் வேலையைத் தனியாருக்குக் குத்தகை விட்டது. பயணிகள் விமானத்தில் ஏறத் துணியாத காலம் அது. கடிதப் பைகள் கொடுத்த வருமானத்தில்தான் முதல் விமான நிறுவனங்கள் வயிறு வளர்த்தன. சிகாகோ–சான் பிரான்சிஸ்கோ தடத்தை 1927இல் பிடித்தது போயிங். 1934இல் குத்தகை ஊழல் வெடித்து, எல்லா ஒப்பந்தங்களையும் ரத்து செய்து ராணுவ விமானிகளைத் தபால் தூக்க விட்டார்கள். பழக்கமில்லாத வேலை, பல விமானிகள் செத்துப்போனார்கள். மறுபடி தனியாரிடமே போனது தபால்.

பணத்தைத் தவிர அரசு கொடுத்தவற்றுக்கு யாரும் விலைச்சீட்டு ஒட்டுவதில்லை. வளிமண்டலத்தில் நுழையும்போது டிராகன் எரிந்துபோகாமல் காக்கும் வெப்பக் கவசம், நாசாவின் ஏம்ஸ் மையம் உருவாக்கிய பொருளின் வழிவந்தது. வால்மீன் தூசியை 2006இல் பூமிக்குக் கொண்டுவந்த ஸ்டார்டஸ்ட் கலத்தைக் காத்ததும் அந்த மூலப்பொருள்தான். ஃபால்கன் ராக்கெட்டுகளின் மெர்லின் எஞ்சினில் எரிபொருளைத் தெளிக்கும் அமைப்பு, அப்போலோ நிலவுக் கலத்தின் இறங்கு எஞ்சினில் பயன்பட்ட அதே தத்துவம். அதைச் செய்த டிஆர்டபிள்யூ நிறுவனத்திலிருந்து வந்தவர்தான் மெர்லினை வடிவமைத்த டாம் முல்லர். ஏவுதளங்கள் கேப் கெனவரலில் விமானப்படையிடமும் கென்னடி மையத்தில் நாசாவிடமும் எடுத்த குத்தகை. இன்னொன்று, வெளியில் அதிகம் பேசப்படாதது: ராக்கெட் விழுந்து மூன்றாம் தரப்புக்குச் சேதம் வந்தால், காப்பீட்டுக்கு மேற்பட்ட இழப்பை ஓர் எல்லைவரை அரசு ஏற்கும் என்று 1988இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இந்த ஒரு வரி இல்லாமல் எந்த நிறுவனமும் நிம்மதியாக ஏவியிருக்க முடியாது.

இவ்வளவும் கொடுத்துவிட்டு அரசு என்ன பெற்றது? 2011இல் நாசா தன் செலவு மதிப்பீட்டு மென்பொருளில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தது. ஃபால்கன் 9ஐ வழக்கமான முறையில் தானே உருவாக்கியிருந்தால் சுமார் 400 கோடி டாலர் ஆகியிருக்கும் என்று வந்தது. ஸ்பேஸ்எக்ஸ் காட்டிய செலவு, ஃபால்கன் 1ஐயும் சேர்த்தே, 39 கோடி. மதிப்பீட்டு மென்பொருளை அப்படியே நம்பவேண்டியதில்லை. பத்தில் ஒன்று என்பதை மூன்றில் ஒன்று என்று எடுத்துக்கொண்டாலும் வியப்பு குறையாது. இன்னொரு கரையில், மனிதரை மீண்டும் நிலவுக்கு அனுப்பப் பழைய முறையில் கட்டப்பட்ட எஸ்எல்எஸ் ராக்கெட்டும் ஓரியன் கலமும் ஒருமுறை கிளம்ப 410 கோடி டாலர் ஆகும் என்று 2022இல் நாசாவின் தலைமைத் தணிக்கையாளரே நாடாளுமன்றத்தில் சொன்னார்.

ஆனால் புதிய ஒப்பந்தம் மந்திரக்கோல் அல்ல. அதற்குச் சாட்சி போயிங்கின் ஸ்டார்லைனர். 2014இல் விண்வெளி வீரர்களை ஏற்றிச்செல்ல போயிங்குக்கு 420 கோடி டாலரும் ஸ்பேஸ்எக்ஸுக்கு 260 கோடியும் கொடுப்பதாக முடிவானது. இரண்டுக்கும் ஒரே நிபந்தனை, ஒரே வாடிக்கையாளர். ஸ்பேஸ்எக்ஸ் 2020 மே மாதம் இருவரை ஏற்றிச்சென்றது. ஸ்டார்லைனர் 2019 டிசம்பரில் ஆளில்லாமல் பறந்தபோது அதன் கடிகாரம் பல மணி நேரம் தவறாக ஓட, எரிபொருளை வீணடித்துவிட்டு நிலையத்தை அடையாமலே திரும்பியது. 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸும் புட்ச் வில்மோரும் அதில் போனார்கள். ஹீலியம் கசிவு, செயலிழந்த உந்திகள். கலம் காலியாகத் தரையிறங்கியது. அவர்கள் 2025 மார்ச்சில் ஸ்பேஸ்எக்ஸ் கலத்தில் திரும்பினார்கள். போயிங்குக்கு 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம்.

அந்த நஷ்டம் போயிங்குடையது, வரி கட்டியவர்களுடையது அல்ல என்பதுதான் இந்த முறையின் நியாயம். இரண்டு பேரிடம் வாங்கிவைத்ததால் ஒருவர் சறுக்கியபோது மற்றவர் இருந்தார். ஆனாலும் அந்த நியாயத்திலும் ஓட்டை உண்டு: நிலையான விலை என்று பேசிவிட்டு, நடுவில் போயிங்குக்கு 28 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தது நாசா. 2019இல் தணிக்கையாளர் அதைக் கண்டித்தார். மலிவுக் கதைக்கும் ஒரு மறுபக்கம். சரக்குப் பயணங்களின் இரண்டாம் சுற்று ஒப்பந்தத்தில் ஸ்பேஸ்எக்ஸ் கிலோவுக்குக் கேட்ட விலை ஏறத்தாழ 50 சதவீதம் கூடியிருந்தது. வாடிக்கையாளருக்கு வேறு வழி குறையக் குறைய விலை ஏறும். சந்தை என்பது அதுதானே.

வேறு யாரும் வாங்காத பொருளுக்கு இந்த முறை சுத்தமாகப் பொருந்தாது என்பதற்கு விண்வெளி உடை உதாரணம். 2022இல் ஆக்ஸியம், காலின்ஸ் என்ற இரண்டு நிறுவனங்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2024இல் காலின்ஸ் ஒதுங்கிக்கொண்டது. சரக்கு ராக்கெட் என்றால் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் வாங்கும், பிற நாடுகள் வாங்கும். விண்நடை உடையை நாசாவைத் தவிர யார் வாங்குவார்? ஒற்றை வாடிக்கையாளருக்கு மட்டும் விற்கும் தொழிலைத் தனியார் என்று அழைக்கலாம், சந்தை என்று அழைக்க முடியாது.

2025 ஜூனில் இந்த உறவின் மறுமுனை தெரிந்தது. அதிபர் டிரம்புக்கும் மஸ்க்குக்கும் சமூக ஊடகத்தில் சண்டை முற்றியபோது, மஸ்க்கின் அரசு ஒப்பந்தங்களை ரத்து செய்யலாம் என்றார் அதிபர். டிராகன் கலத்தையே நிறுத்திவிடுகிறேன் என்று மஸ்க் பதில் போட்டார். சில மணி நேரத்தில் பின்வாங்கினார். ஸ்டார்லைனர் முடங்கிக் கிடந்த அந்த நாளில், அமெரிக்க மண்ணிலிருந்து நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போக டிராகனை விட்டால் வேறு கலம் இல்லை. 2006இல் நாசாவை நம்பி ஒரு சிறு நிறுவனம் இருந்தது. இப்போது யார் யாரை நம்பி இருக்கிறார்கள் என்று சொல்வது கடினம்.

இந்தியா இந்தப் பாதையில் காலெடுத்து வைத்தது 2020இல், தனியார் விண்வெளி நிறுவனங்களை அனுமதித்து ஊக்குவிக்கும் இன்ஸ்பேஸ் அமைப்பின் அறிவிப்போடு. இங்கே இதுவரை அரசு தாராளமாகக் கொடுப்பது இடமும் அறிவும். சென்னை ஐஐடியின் எரிதல் ஆய்வு மையத்தில் முளைத்த அக்னிகுல், ஸ்ரீஹரிகோட்டாவுக்குள் தனக்கென்று ஒரு சிறு ஏவுதளம் அமைத்துக்கொண்டு, முப்பரிமாண அச்சில் உருவாக்கிய எஞ்சினுடன் 2024 மே 30 அன்று முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது. தூத்துக்குடி மாவட்டத்தின் குலசேகரப்பட்டினத்தில் சிறு ராக்கெட்டுகளுக்கான ஏவுதளத்தை இஸ்ரோ கட்டிவருகிறது. புதிய நிறுவனங்களில் முதலீடு செய்ய 1,000 கோடி ரூபாய் நிதிக்கு 2024 அக்டோபரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. இவை எல்லாம் உதவித்தொகையின் பக்கம். எங்கள் அமைச்சகத்துக்கு இத்தனை ஏவல்கள் வேண்டும், இத்தனை ஆண்டுக்கு இன்ன விலை என்று 2008 டிசம்பர் பாணியில் போட்ட கையெழுத்துகள் இன்னும் அருகியே காணப்படுகின்றன.

பெங்களூருவின் பிக்செல் நிறுவனத்தைப் பாருங்கள். 2019இல் கல்லூரி மாணவர்கள் இருவர் தொடங்கியது. பூமியை நூற்றுக்கணக்கான நிற அலைகளில் படமெடுக்கும் செயற்கைக்கோள்களைச் செய்கிறது. பயிர் நோயும் குழாய்க் கசிவும் அந்தப் படங்களில் தெரியும். 2023இல் அமெரிக்காவின் உளவுச் செயற்கைக்கோள் அமைப்பு அதனுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம் போட்டது. 2024இல் நாசா, புவிப் படத் தரவு வாங்கத் தேர்ந்தெடுத்த எட்டு நிறுவனங்களில் அதையும் சேர்த்துக்கொண்டது. 2025 ஆகஸ்டில் இந்தியாவுக்கென 12 புவிநோக்குச் செயற்கைக்கோள்கள் கொண்ட கூட்டமைவை நிறுவ, 1,200 கோடி ரூபாய்க்கு மேல் முதலீட்டுடன், பிக்செல் தலைமையிலான நான்கு நிறுவனங்களை இன்ஸ்பேஸ் தேர்ந்தெடுத்தது. அரசின் பங்காக ஒரு தொகை தரத் தயாராக இருந்தும், அவர்கள் அதில் ஒரு ரூபாய்கூடக் கேட்கவில்லை. கட்டும் பணத்தை அவர்களே திரட்டிக்கொள்வார்கள். அந்தச் செயற்கைக்கோள்கள் மேலே போய்ப் படம் அனுப்பத் தொடங்கும்போது, நம் வேளாண்துறையும் நீர்வளத்துறையும் பேரிடர் மேலாண்மைத் துறையும் எத்தனை ஆண்டுக்கு, என்ன விலைக்கு வாங்கும் என்று எழுதிய தாள்தான் அவர்களுக்கு இனி தேவை.